தலை தீபாவளியும் லட்டு என்கிற லாப்ரடாரும்

போன வாரம் மதுரையிலிருந்து என் அண்ணன் மகன் போன் செய்தான். அவன் தங்கைக்கு இந்த வருஷம் தலை தீபாவளி. பொண்ணு மாப்பிள்ளையோடு பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களும் சேர்ந்து இருபது பேர் கூடுகிறார்கள். வீட்டில் லட்டு என்ற பதினோரு மாத லாப்ரடார். அவனுக்கு அதுதான் முதல் நாய். "அத்தை, வெடிச் சத்தத்துக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று கேட்டான். மாப்பிள்ளைக்கு நாய் என்றால் ஆகாது என்பதைப் போனை வைக்கும் நேரத்தில்தான் சொன்னான்.

நாற்பது வருஷத்தில் ஆறு நாய்களையும் மூன்று பூனைகளையும் வளர்த்தவள் நான். வெடியால் அவை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் திறந்து கிடந்த கேட்டாலும், பந்தியில் யாரோ போட்ட எலும்பாலும்தான். அவனுக்கு எழுதி அனுப்பியதை, அவனைப் போல முதல் தீபாவளியை எதிர்பார்த்திருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று தருகிறேன்.

1. அன்றைக்கு நாய்க்கென்று ஓர் ஆள் வேண்டும். இருபது பேர் இருக்கிற வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் வேலு. உறையூர் வீட்டில் இருந்தபோது வளர்த்தோம், ராஜபாளையம் கலப்பு. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நாத்தனார் குடும்பம் இறங்கியது. பெட்டி, பை, முறுக்குத் தூக்கு. சாமான் இறக்க வசதியாக இருக்கட்டும் என்று கேட்டின் இரண்டு கதவையும் யாரோ விரியத் திறந்துவிட்டார்கள். நான் அதிரசச் சட்டியை விட்டு நகர முடியாமல் நிற்கிறேன். வேலுவை என் கணவர் பிடித்திருக்கிறார் என்று நான் நினைத்தேன், மாடியில் பையனோடு இருக்கிறான் என்று அவர் நினைத்தார். தெருமுனையில் ஓர் அணுகுண்டு வெடித்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் வெள்ளை வால் தெருவைத் திரும்பிவிட்டது.

மூன்றாம் நாள் காலை காந்தி மார்க்கெட் பக்கம் நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் கிடைத்தான். நான்கு பாதங்களிலும் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலாட்டவில்லை. கையை நீட்டினேன், வெகு நேரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

ஆகவே ஆளை இப்போதே முடிவு செய். அது நீயாகவும் இருக்கக் கூடாது, உன் மனைவியாகவும் இருக்கக் கூடாது. விருந்தை நடத்துகிறவர்களுக்கு அன்று இன்னொரு வேலை ஏறாது. கேட் திறக்கும்போதெல்லாம் "லட்டு எங்கே?" என்று கேட்பதுதான் அந்த ஆளின் வேலை.

2. ஓர் அறையை ஒதுக்கு. தெருவைப் பார்க்காத அறை, ஜன்னல் சின்னதாக இருந்தால் நல்லது. நாளைக்கே அவன் படுக்கையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் அங்கே கொண்டுபோய் வை. உன் மனைவியின் துவைக்காத பழைய புடவை ஒன்றையும் போடு. தினமும் ஒருவேளைச் சாப்பாடு அங்கேயே நடக்கட்டும். நல்லது நடக்கிற இடம் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தீபாவளியன்றுதான் முதல் முறையாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், அது அதற்கு ஜெயில். கதவைப் பிராண்டிப் பிராண்டி நகம் பிய்த்துக்கொண்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்று ஜன்னலைச் சாத்தி, கனமான போர்வையைத் திரையாகப் போட்டு, ஃபேனை வேகமாக வை. டிவியில் எதையாவது ஓடவிடு. சத்தத்தை அடைக்க முடியாது, மழுங்கடிக்கலாம். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000, பூனைக்கு 60,000-க்கும் மேலே. அடுத்த தெரு என்று நாம் சொல்வது அதற்குப் பக்கத்து அறை. (ராஜபாளையம் நாயின் ஊரும் சிவகாசியும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில்தான். அங்கே பிறந்த நாய்க்காவது வெடி பழகியிருக்கும் என்று வேலு வரும்வரை நினைத்திருந்தேன்.)

இன்னொன்று, விருந்தாளிகளின் பெட்டி எதையும் அந்த அறையில் வைக்காதே. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு பிள்ளை சட்டை எடுக்கக் கதவைத் திறக்கும். அவனே போய்ப் பாத்ரூமில் சுருண்டு படுத்தால் அங்கேயே விடு. அவனுக்குப் பிடித்த இடம்தான் நல்ல இடம்.

3. வெடிச் சத்தத்தை இப்போதே பழக்கலாம். மொபைலில், நமக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு சாப்பாடு போடு. நான்கு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டு. காதை மடக்கினாலோ சாப்பிடுவதை நிறுத்தினாலோ நீ அவசரப்பட்டுவிட்டாய், குறைத்துவிடு. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் இதைத் தொடவே தொடாதே.

4. பயந்து வந்து மடியில் ஏறினால் அணைத்துக்கொள். "கொஞ்சினால் பயம் கூடும்" என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். நானும் அதை நம்பி முதல் இரண்டு நாய்களைத் தள்ளித் தள்ளி விட்டேன், இன்றும் மனசு கேட்பதில்லை. பயம் என்பது உட்காரச் சொன்னால் உட்காருகிற மாதிரியான பழக்கம் இல்லை, ஆறுதல் சொன்னால் அது வளராது. ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவனை இழுத்து வந்து கொஞ்சாதே.

5. மாத்திரை கேட்டாய் அல்லவா? டாக்டரைப் பத்து நாள் முன்னாலேயே போய்ப் பார். சில பழைய மயக்க மருந்துகள் உடம்பைத்தான் தளர்த்தும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். வெளியே பார்ப்பவருக்கு நாய் அமைதியாகத் தூங்குகிற மாதிரி தெரியும். பயத்தையே குறைக்கிற மருந்துகள் இப்போது இருக்கின்றன. எது கொடுத்தாலும் சாதாரண நாளில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காதே. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

6. மாப்பிள்ளை விஷயம். அவருக்குப் பயம் என்றால் அது பயம்தான். "ஒண்ணும் செய்யாது மாப்பிள்ளை, சும்மா தொடுங்க" என்று அண்ணி ஆரம்பிப்பாள், நீதான் தடுக்க வேண்டும். முப்பது கிலோ நாய் முன்னங்காலைத் தூக்கி நெஞ்சில் வைத்தால் பட்டு வேட்டியும் போயிற்று, உறவும் கோணிற்று. அவர்கள் வந்து உட்கார்ந்து காபி குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, லட்டுவைச் செயினில் பிடித்துக் கூடத்தின் ஓரமாக அழைத்து வா. அவரை யாரும் நாயிடம் அனுப்பக் கூடாது, நாயையும் அவரிடம் விடக் கூடாது. ஒருவரையொருவர் கவனிக்காமல் அரை மணி நேரம் ஒரே அறையில் இருந்துவிட்டால் அதுவே பெரிய வெற்றி. வேண்டாம் என்று அவர் சொன்னால் அறைக்குக் கொண்டுபோய்விடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

சின்னப் பிள்ளைகளை நாயோடு தனியாக விடாதே, ஒரு நிமிஷம்கூட. தூங்கும்போது தொடக் கூடாது, சாப்பிடும்போது பக்கத்தில் போகக் கூடாது, மேலே ஏறக் கூடாது. லாப்ரடார் சாது என்பார்கள். சாதுவுக்கும் பொறுமைக்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவு நெருங்குவதை அது முன்கூட்டிச் சொல்லும்: தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அதையும் யாரும் கவனிக்காவிட்டால்தான் உறுமும். உறுமினால் அடிக்காதே. அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

பல்லோ நகமோ யார் மேலாவது பட்டுவிட்டால், மஞ்சள் தடவுகிற வேலையெல்லாம் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லட்டுவின் வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போ. வருஷ ஊசி தவறியிருந்தால் இந்த வாரமே போடு.

7. லட்டுக்கு லட்டு கிடையாது. பேர் வைத்தவனையே இதற்குப் பொறுப்பாக்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இந்தச் சிலேடைக்காகவே ஒன்றை நீட்டுவார்கள். லட்டிலும் கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் கெடும் என்று கணக்குச் சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்குக் கைப்பிடி போதும். சாக்லேட்டும் விஷம். சர்க்கரைக்காரப் பெரியவர்களுக்காகச் சர்க்கரை இல்லாத மிட்டாய் யாராவது வாங்கி வருவார்கள். அதில் சைலிட்டால் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நாயின் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும்.

காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு உங்கள் வீட்டு வழக்கம். அதில் வதக்கிய வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அன்றைக்குத் தெரியாது, சில நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும். வெந்த எலும்பு கத்தி மாதிரி பிளந்து குடலைக் கிழிக்கும். முறுக்கும் தட்டையும் ஒரு தட்டு உள்ளே போனால் வாந்தியும் கணைய வீக்கமும். வயிற்றுக்கு நல்லது என்று தீபாவளி லேகியத்தை உருட்டிக் கொடுப்பதற்கும் ஒரு கிழவி இருப்பாள், என் மாமியார் இருந்தார்.

கொடுக்காதே என்று சொன்னால் எந்தப் பெரியப்பாவும் கேட்க மாட்டார். நான் கண்டுபிடித்த வழி இது: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியைச் சின்னத் துண்டாக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, "லட்டுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதிலிருந்து" என்று அலமாரி மேல் வைத்துவிடு. கை நீட்டுகிறவருக்கும் திருப்தி, தின்கிறவனுக்கும் திருப்தி. அவனுடைய இரவுச் சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள். எச்சில் இலைக் கூடையைக் கேட்டுக்கு வெளியே வை.

8. வெளியே கூட்டிப்போகும் நேரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் வெடிக்கிற நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியபின், நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்திருக்கிறார்கள். தெருவில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை ஆறு மணி வரை காத்திருக்குமா? ஆகவே மூன்றரை மணிக்கே ஒரு தடவை, மத்தியானம் ஊர் அயர்கிற நேரத்தில் ஒரு தடவை, மாலை ஐந்துக்குள் ஒரு தடவை. காம்பவுண்டுக்குள்ளேயும் செயின் இருக்கட்டும். பெல்ட்டில் உன் போன் நம்பரைப் பொறித்துத் தொங்கவிடு. வேலுவின் கழுத்தில் அன்றைக்கு அது இல்லை.

9. அகல் விளக்குகளைத் திண்ணைக்கு மேலே ஏற்று. லாப்ரடாரின் வால் முழங்கால் உயரத்தில் இருக்கிற எதையும் துடைத்துக்கொண்டு போகும்.

10. பூனை வைத்திருப்பவர்களுக்கு அதிக வேலையில்லை. அது பீரோ மேலே ஏறிக்கொள்ளும், இறக்காதீர்கள். மண் டிரேயும் தண்ணீரும் அதே அறையில் இருக்கட்டும், அறை பூட்டியிருக்கட்டும். லவ் பேர்ட்ஸ் கூண்டை அடுக்களைப் பக்கமும் சாம்பிராணிப் புகையிலும் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து கருகினால் வரும் புகை நமக்கு இருமல், அவற்றுக்குச் சாவு.

11. மறுநாள் காலை அவசரப்படாதே. தெரு முழுக்க வெடிக்காத வெடி, மருந்துத்தூள், கம்பி மத்தாப்பின் கம்பி. லாப்ரடார் வாய் வைத்துப் பார்க்காத பொருள் கிடையாது. உன் வாசலையாவது பெருக்கிவிட்டுக் கூட்டிப்போ, திரும்பியதும் பாதங்களைக் கழுவி விரலிடுக்கில் பார். பார்க்கிங்கில் ஒண்டிக்கொண்டு நிற்கும் தெரு நாய்களை அன்று ஒரு நாளைக்குத் துரத்தாதே. ஒரு பாத்திரம் தண்ணீர் வை.

12. பண்டிகையன்று எந்தக் கால்நடை டாக்டர் இருப்பார் என்று முதல் வாரமே கேட்டு, நம்பரை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டு. விடுமுறை நாளில் பூட்டின கதவுக்கு முன்னால் நாயோடு நின்றிருக்கிறேன்.

முதல் எண்ணில் சொன்ன ஆளுக்கு யாரும் சிக்கவில்லை என்று நேற்று மறுபடி போன் செய்தான். நான் முதல் நாளே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பாயும் தலையணையும் லட்டுவின் அறையிலேயே போடச் சொன்னேன். காதும் இப்போதெல்லாம் எனக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.