இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதுமாம்!

இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கல்லூரி விழாவில் கேட்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்கிறேன். "வெளிநாட்டுல வாலன்டியரா பாடம் எடுக்க இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சா போதும் சார், மத்ததெல்லாம் போய்ப் பாத்துக்கலாம்." சொல்கிறவர் பெரும்பாலும் மகனையோ மகளையோ கம்போடியாவுக்கோ நேபாளத்துக்கோ அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்கும் அப்பா. கையோடு நன்கொடையும் கேட்பார்.

போதாது ஐயா. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலேயே காலம் தள்ளியவன் நான். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

கென்னடி 1961-இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம்தான் வீட்டு மொழி. அவர்களையே சுமார் மூன்று மாதம் உட்காரவைத்து, போகிற நாட்டின் மொழியையும் வகுப்பு நடத்தும் முறையையும் பழக்கிவிட்டுத்தான் இரண்டு வருடப் பணிக்கு அனுப்புகிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் தரும் 'செல்டா' சான்றிதழுக்கு, நிஜமான மாணவர்கள் முன்னால் குறைந்தது 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நம்மூர் பி.எட். இரண்டு வருடம், அதில் 20 வாரம் பள்ளியிலேயே பயிற்சி. இவர்கள் எல்லாரும் வேலையற்றவர்களா?

பேசத் தெரிந்தவர் முதன்முதலாக வகுப்புக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பயிற்சி மாணவர்களிடம் வருடா வருடம் பார்ப்பதுதான். பேனாவைத் தூக்கிக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்பார். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "வாட் இஸ் திஸ்" என்று திருப்பிச் சொல்லும். அவர் குரலை உயர்த்துவார், பிள்ளைகளும் உயர்த்தும். பத்தே நிமிடத்தில் கைச்சரக்கு தீர்ந்துவிடும். பிறகு பாட்டு, அதன் பிறகு செல்ஃபி. இங்கேயாவது பிள்ளைகளின் மொழி அவருக்குத் தெரியும், தமிழில் சொல்லிச் சமாளிப்பார். கம்போடியாவில் கெமர் மொழி பேசும் பிள்ளைகளிடம் எதைச் சொல்லிச் சமாளிப்பது?

கம்போடியாவுக்குப் போய்வந்த ஒரு பெண் என்னிடம் படங்கள் காட்டினாள். ஒன்றில், ஒரு சிறுமி தன் நோட்டைப் பிரித்துப் பிடித்திருக்கிறாள். ரெட், ப்ளூ, க்ரீன், எதிரே வண்ணக்கட்டங்கள். அடுத்த படத்தில் அதே நோட்டின் பின்பக்கம். இன்னொருவர் கையெழுத்தில் மறுபடி ரெட், ப்ளூ, க்ரீன். இரண்டு வாரத்துக்கு ஒருவர் வருகிறார், வருகிறவர் எல்லாரும் நிறங்களில் தொடங்குகிறார். முன்னால் வந்தவர் எதுவரை நடத்தினார் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் குழந்தை நிறங்களைத் தாண்டுவது எப்போது?

இதற்குத் துணைபோகும் கதை, அங்கே வாத்தியாரே கிடையாது என்பது. கெமர் ரூஜ் ஆட்சியில், 1975 முதல் 1979 வரை, படித்தவர்களைத் தேடித்தேடி ஒழித்தார்கள், ஆசிரியர்களும் தப்பவில்லை. உண்மைதான். அதற்கப்புறம் அந்த நாடு தன் ஆசிரியர்களைத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் "வாட் இஸ் திஸ்" கேட்கும்போது வகுப்பின் கடைசியில் கைகட்டி நிற்கிறாரே, அவர்தான் ஆசிரியர். அவருடைய பாட நேரத்தில்தான் நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். முடிந்தால் அவருக்குத் துணையாக நில்லுங்கள்.

இன்னொன்று, கரும்பலகை. எங்கே போனாலும் புரொஜெக்டர் இருக்காது, போர்டு இருக்கும். முழு சாக்பீஸில் எழுதினால் கீச்சிடும், பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது போர்டை முதுகால் மறைக்காதீர்கள், பக்கவாட்டில் நின்று எழுதுங்கள். கடைசி வரிசைக்குப் போய் நின்று, எழுதியது தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். பி.எட். முடித்தவர்களுக்கே இன்றைக்கு நேர்கோட்டில் பத்து வரி எழுத வரவில்லை. ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதாம், அதனால் இதெல்லாம் வேண்டாமாம். மின்சாரம் போனால் தெரியும். சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

கட்டணம் அதிகமாக வாங்கும் அமைப்புதான் நம்பகமானது என்கிறார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் கட்டணமே வாங்குவதில்லை, வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவருக்கு வாழ்க்கைச் செலவுக்கும் கொடுக்கிறது. ஆனால் தகுதியும் அனுபவமும் கேட்கும், அதனால்தான் நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. பணம் கேட்கிற அமைப்பாக இருந்தால், அதில் பள்ளிக்குப் போவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

சம்பளம் வாங்கவில்லை, ஆகவே சுற்றுலா விசா போதும் என்பது அடுத்தது. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் தன்னார்வப் பணி செய்வதே விதிமீறல். இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை என்பதால் எல்லா நாடும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

தொண்டுக்காகத் திரட்டும் பணத்துக்கு வரி கிடையாது என்பதும் தப்பு. உங்கள் சொந்தக் கணக்கில் போடுகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, அது பதிவுபெற்ற நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்குத்தான். உறவினர் அல்லாதவர்கள் ஒரு நிதியாண்டில் தருவது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் உங்கள் வருமானம். கிளம்புமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியை முந்தின நாள் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

அநாதை இல்லத்தில் பாடம் நடத்துவது பெரும்புண்ணியம் என்கிறார்கள். கம்போடிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக யூனிசெஃப் 2011-லேயே சொல்லிவிட்டது. வெளிநாட்டார் வந்து காசு தருவதாலேயே பிள்ளைகளைச் சேர்த்த இல்லங்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோடை விடுமுறையில் போய்வந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் நடுவில் நமக்குச் சித்திரை பிறக்கும்போது கம்போடியாவுக்கும் புத்தாண்டு. பள்ளிகள் மூடியிருக்கும்.

ஜூனில் நம் பள்ளிகள் திறந்ததும் உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒரு பருவம் முழுக்க நடத்த அனுமதி கேளுங்கள். நடத்தி முடித்துவிட்டு, பாடக்குறிப்பு நோட்டோடு வாருங்கள். உங்கள் பயணத்துக்கு நானும் பணம் தருகிறேன்.