குருளை வளர்க்குமாறு

நாயின் இளமைக்குத் தொல்காப்பியர் உரியதாக வகுத்த பெயர் குருளை என்பது. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கனையும் மரபியலில் ஒருங்கெண்ணி அப்பெயர் வழங்கிய ஆசிரியர், குட்டி என்னும் வழக்கினையும் விலக்கினாரல்லர். புலியோடு ஒருங்கெண்ணப் பெற்ற இவ்வுயிர், நம்மிற் பலர் மனையகத்துச் சங்கிலியாற் பிணிப்புண்டு, பாற்சோறு தின்று, வருவார் போவாரையெல்லாம் குரைத்துக் கிடக்கின்றது. ஓராண்டு கழிந்தபின் யாரையேனும் கடிக்கின்றது. கடித்த மறுநாள் ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விடப்படுகின்றது. இதற்குக் காரணம் அதன் பிறவிக் குணமே என்று கூறி அமைவாருளர். அஃது உண்மையன்று, பிறந்த முதல் நான்கு திங்களில் அஃது உண்ட உணவும், கண்ட காட்சியும், பெற்ற பயிற்சியுமே பெரும்பாலும் அதன் பிற்காலத்தை வரையறுக்கின்றன.

பிறந்த குருளை கண் திறவாது; செவியும் கேளாது. பத்து முதல் பதினான்கு நாட்களில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தளவில் ஒலி கேட்கும். அந்நாள் தொட்டுப் பன்னிரண்டு அல்லது பதினான்காம் வாரம் வரையிலும் உள்ள காலமே அதன் வாழ்நாளில் விலைமதிப்பரியது. அக்காலத்தே எதனை எதனை அச்சமின்றிக் கண்டதோ அதனையெல்லாம் தன் உலகத்தின் பகுதியாகக் கொள்ளும். காணாதன பின்னர் எதிர்ப்படின் அஞ்சும். அச்சமுற்ற நாய் ஓடும். ஓட வழியில்லையேற் கடிக்கும். அமெரிக்க நாட்டு மெயின் மாகாணத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டு நாய்களை ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டனர். அவ்வூரிலேயே நிகழ்த்தி 1961-இல் வெளியிடப்பெற்ற ஓர் ஆராய்ச்சியில், மனிதரோடு பழகாது உயர்ந்த வேலிக்குள் பதினான்கு வாரம் வரை வளர்ந்த குருளைகள், பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கின; அவற்றைப் பழக்குதல் பெரிதும் அரிதாயிற்று.

இனி, குருளையைத் தாயினின்றும் எந்நாளிற் பிரிப்பது? நம் நாட்டார், சிறிதாயின் அழகு மிகும் என்று கருதி, முப்பதாம் நாளிலேயே எடுத்து வந்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. உடன்பிறந்தனவற்றோடு மல்லாடுங்கால், ஒன்று வன்மையாகக் கடிப்பின் மற்றது கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். கடியின் அளவினைக் குருளை கற்பது அப்பள்ளியிலேதான். எட்டு வாரம் நிரம்புமுன் பிரித்தெடுப்பார் அப்பாடத்தினைத் தம் கையையும் காலையும் கொடுத்துக் கற்பிக்க நேரும். இராசபாளைய நாய்போலும் வெண்ணிற இனத்தினைத் தேர்வார் மற்றொன்றும் நோக்கல் வேண்டும். இந்திய அஞ்சல் துறையார் 2005-இல் முத்திரையிற் பொறித்த பெருமையுடைய அவ்வினத்திற் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குருளை உறங்குங்கால் அதன் பின்னே நின்று கை தட்டிப் பார்க்க. காற்று அதன்மேற் படாதவாறு சற்றே விலகி நின்று தட்டுக.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு தோன்றும். பார்வோ என்னும் கொடிய குடல்நோயும், டிஸ்டெம்பர் என்னும் நோயும் குருளையை எளிதில் கொல்வன. அவற்றிற்குரிய தடுப்பூசி ஆறு அல்லது எட்டாம் வாரத்திற் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம் வரையில் இடப்படும். தாய்ப்பாலின் வழிப்பெற்ற காப்பு முதலூசிகளின் பயனைத் தடுத்தல் கூடுமாதலின் ஒன்றோடு நிறுத்துதல் ஆகாது. ஊசி முடியுமட்டும் தெருவில் விடாதே என்பர் மருத்துவர். பதினான்காம் வாரத்தோடு பழகுங் காலம் முடியும் என்பர் ஆராய்ச்சியாளர். இருவர் சொல்லையும் ஒருங்கே காப்பதற்கு வழி எளிது: குருளையைத் தரையில் விடாது தோளிலேந்திச் செல்க. சந்தைக் கூச்சலும், பேருந்தின் ஊதொலியும், குடை பிடித்தாரும், தலைப்பாகை கட்டினாரும், ஓடியாடும் சிறாரும் அதன் கண்ணிலும் செவியிலும் படுக. ஊசியிடப்பெற்ற நலமுள்ள நாய்களை வீட்டிற்கே வரச்செய்து பழக்குக. நோயாற் சாதலும் கேடே. அச்சமே வாழ்வாக வளர்தலும் கேடே.

வெறிநோயின் ஊசி மூன்றாம் திங்களில் இடத்தக்கது. பாஸ்டர் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர் 1885-இல் நாய் கடித்த சிறுவனொருவனுக்கு முதன்முதல் மருந்திட்டுக் காத்தார். அவர் பெயரால் நம் குன்னூரிலும் 1907-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்ஙனமிருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 மக்கள் அந்நோயால் இறக்கின்றனர் என்று 2015-இல் கணக்கிடப்பட்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் இந்திய நாட்டினர். ‘குட்டிதானே, அதன் பல் பாற்பல்தானே’ என்று கீறலைப் புறக்கணிப்பாரை நாம் எங்கும் காண்கின்றோம். நோய்க்கிருமி உமிழ்நீரில் உள்ளது. அது குருளையின் அகவை கேட்டு வருவதன்று. குறி தோன்றியபின் பிழைப்பார் மிக மிக அரியர். ஆகலின், ஊசியிடப்படாத குருளை சிறிதளவே கீறினும், காயத்தைப் பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, அன்றே மருத்துவமனை செல்க.

உணவினைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கும் கொள்கை, பாலும் சோறும் போதும் என்பது. சோறு நாய்க்கு நஞ்சன்று. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்குரிய மரபுக்கூற்றின் படிகள் ஓநாயினும் நாய்க்குப் பன்மடங்கு உள வென்று 2013-இல் கண்டறிந்தனர். மனிதன் இட்ட சோற்றையுண்டே அது நாயாயிற்று எனலாம்! ஆயினும், வளரும் உடலுக்கு உலர்ந்த உணவில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கிற்குக் குறையாது புரதம் வேண்டும்; அரிசியிலோ ஏழெட்டுப் பங்கே உண்டு. பசுவின் பாலோ, நாய்த்தாயின் பாலை நோக்கப் புரதத்திலும் கொழுப்பிலும் பாதியளவினும் குறைந்தது, பாற்சருக்கரையில் மிகுந்தது. பால் மிகக் குடித்த குருளைக்குக் கழிச்சல் உண்டாதல் இதனாலேயே. அவித்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழியிறைச்சி, மீன், சிறிதளவு ஈரல் இவற்றைச் சோற்றோடோ கேழ்வரகுக் கூழோடோ பிசைந்து கொடுத்தல் நன்று. எனினும், சுண்ணாம்புச் சத்தின் குறையால் கால் வளையாதிருக்க வேண்டுமேல், மருத்துவர் சொற்படி அளவு வகுத்தலோ, குருளைக்கென்றே செய்து விற்கும் உணவு வாங்குதலோ வேண்டும். மூன்று திங்கள் வரையில் நாளொன்றுக்கு நான்கு வேளை; ஆறு திங்கள் வரையில் மூன்று; அதன்மேல் இரண்டு. பதினைந்து நிமிடத்தில் உண்ணாததை எடுத்துவிடுக. வெந்த எலும்பு சிம்புசிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் குருதியணுக்களைச் சிதைப்பன. ஆதலின், நாம் உண்டெஞ்சிய குழம்பினை ஊற்றுதல் அன்பாகாது. சாக்லெட்டும் திராட்சையும் அறவே விலக்கத்தக்கன.

உணவே ஆசிரியன் என்பதனைப் பலர் உணர்ந்திலர். செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபெல் பரிசு பெற்ற பாவ்லோவ் என்னும் உருசியப் பேரறிஞர், உணவிடுமுன் ஓர் ஒலியெழுப்பிப் பழக்கினால், பின் அவ்வொலி ஒன்றே நாயின் வாயில் நீரூறச் செய்யும் என்று காட்டினார். குருளையின் பெயரும் அத்தகைய ஒலியே. பெயர் சொல்லிய பொழுதெல்லாம் ஒரு துண்டு இறைச்சி கிடைத்ததாயின் அஃது ஓடிவரும். பெயர் சொல்லியழைத்து அடித்தாராயின் ஓடி ஒளியும். செய்த செயலுக்கும் பெறும் பரிசுக்கும் இடையே ஓரிரு நொடியே செல்லலாம். பிந்தினால், எதற்குப் பெற்றோம் என்பதனை அது அறியாது. இக்காரணத்தானே, காலையில் நனைத்த பாயிடத்து மாலையில் மூக்கைத் தேய்த்தல் பயனற்ற கொடுமையாகின்றது. உறங்கி யெழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடி முடித்தவுடனும் வெளியே கொண்டுபோய், கழித்த அக்கணமே பரிசளித்தலே அதற்கு மருந்து. ஏவற்சொல்லும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தந்தையார் ‘உட்கார்’ என்பர். பாட்டியார் ‘இரு’ என்பர். பள்ளிக்கூடத்துத் தம்பியோ ‘சிட்’ என்பான். குருளை மூவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து நிற்கும். அதனை மந்தமுடையது என்பர்!

எம் இல்லத்து இராசபாளையக் குருளை எட்டாம் வாரத்தில் வந்தது. முதல் மூன்றிரவும் அழுதது; தாயின் மணம் தோய்ந்த துணி ஒன்றைப் படுக்கையிலிட்டு, கைக்கெட்டும் அண்மையிற் படுக்கவைத்தபின் அடங்கிற்று. ஒன்பதாம் வாரத்தில் பெயருக்குத் திரும்பியது. பத்தாம் வாரத்தில், மூக்கின்மேல் உணவுத்துண்டைப் பிடித்துப் பின்னோக்கி நகர்த்த, தலை நிமிர்ந்து தானே உட்கார்ந்தது. அப்பொழுதே ‘உட்கார்’ என்னும் சொல்லைச் சேர்த்தோம். பதினான்காம் வாரத்தில் வீட்டினுள் நனைத்தல் ஏறத்தாழ நின்றது. உண்ணும் கிண்ணத்தினை நாம் அணுகும்பொழுதெல்லாம் எடுத்துக்கொள்ளாமல், மேலும் ஒரு துண்டு இட்டு வந்தமையால், இப்பொழுது கை நெருங்க வாலாட்டுகின்றது, உறுமுவதில்லை. நான்காம் திங்களிற் பாற்பற்கள் விழத் தொடங்கின. இருபத்தெட்டுப் பல்லும் போய் நாற்பத்திரண்டு முளைத்து முடிய ஏழாம் திங்களாகும். அதுவரையில் செருப்பும் புத்தகமும் உயரத்தேதான் இருத்தல் வேண்டும். நன்னூலின் மேலட்டையில் மட்டும் ஒரு மூலை குறைந்துள்ளது.