நாய் வீடு திரும்பவில்லையா? முதலில் கேட்டைத் திறந்து வையுங்கள்

வீட்டு நாய்கள் அதிகம் தொலைவது தீபாவளியை ஒட்டித்தான். பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது; வெடிக்கிறவர்கள் அதைக் கேட்டால்தானே! மறைமலைநகர்வாசிகளுக்குச் சில குறிப்புகள்:

1. பயந்து ஓடிய நாய் ஊர் அடங்கிய பிறகுதான் மெல்ல நகரும். நடுராத்திரி வீட்டுக்கு வந்து, கேட் பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். எனவே கேட் திறந்திருக்கட்டும். அது படுக்கும் சாக்கையும் நீங்கள் உடுத்திய, துவைக்காத லுங்கியையோ நைட்டியையோ வாசலில் போடுங்கள். எல்லோரும் தேடக் கிளம்பிவிடாமல் ஒருவர் வீட்டில் இருங்கள்.

2. பைக்கை எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள்கோவில் வரை பறப்பது அப்புறம். முதலில் உங்கள் தெரு, அடுத்த தெரு. நிற்கிற காருக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, மழைநீர்க் கால்வாயில், காலி மனையின் கருவேலம் புதரில் டார்ச் அடித்துப் பாருங்கள். பயந்த நாய், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. கண் மின்னுவதுதான் காட்டிக்கொடுக்கும்.

3. விடிகாலை நாலு, ஐந்து மணிதான் தேட நல்ல நேரம். கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் அது மறுபடி பதுங்கிவிடும். அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: பால் பாக்கெட் போடுபவர், பேப்பர் போடும் தம்பி, தூய்மைப் பணியாளர்கள், டீ மாஸ்டர், கறிக்கடைக்காரர். கேட்கிற விதம் முக்கியம். “எங்க நாயைப் பாத்தீங்களா?” என்றால் “இல்லீங்க” என்று போய்விடுவார்கள். “ராத்திரி இந்தப் பக்கம் தெரு நாய்ங்க எதையாவது துரத்திச்சாக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். சண்டைச் சத்தத்தில் தூக்கம் கெட்டவருக்கு அது எந்தத் திசையில் ஓடியது என்பதுவரை நினைவிருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைக்கலாம். அனுதாபம் நிறையக் கிடைக்கும்.

4. கண்ணில் பட்டால் துரத்தாதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையும் தண்டவாளமும் ஒட்டி ஓடுகிற ஊர் இது. அப்படியே தரையில், பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். முறைத்துப் பார்க்காமல் பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று பிரியுங்கள். அதுவாக வரும்.

5. நோட்டீஸில் பெரிய போட்டோ, போன் நம்பர், காணாமல் போன இடம் போதும். நம் ஊர் ‘என்.எச்.-2’வை வெளியாட்கள் நெடுஞ்சாலை என்று நினைத்துக்கொள்வதால், பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ சேர்த்து எழுதுங்கள். ஒரு அடையாளத்தை மட்டும் போடாதீர்கள். “நாய் எங்கிட்டதான் இருக்கு, முதல்ல பணம் போடுங்க” என்று போன் வரும். அந்த அடையாளத்தைக் கேளுங்கள், லைன் கட்டாகிவிடும்.

6. திருட்டு என்று சந்தேகமிருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நகராட்சியிலும் விசாரியுங்கள். கருத்தடைக்குப் பிடித்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விதி. ஆனால் பஸ் நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை, கல்வி நிலையங்களில் பிடிபடுபவற்றைக் காப்பகத்துக்கே அனுப்ப வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கழுத்துப்பட்டை இல்லாத வீட்டு நாயும் அங்கே தெரு நாய்தான்.

7. அடிபட்டுக் கிடந்தால் 1962, கால்நடை ஆம்புலன்ஸ்.

8. பட்டையிலேயே போன் நம்பரை எழுதிவிடுங்கள். மைக்ரோசிப் அரிசி அளவுதான், நல்ல விஷயம். ஆனால் அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால்தான் 15 இலக்க எண் தெரியும்.

9. ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள். 2024-இல் பண்டரிபுரம் யாத்திரையில் தொலைந்த ‘மகாராஜ்’ என்ற நாய், சுமார் 250 கி.மீ. கடந்து பெளகாவி மாவட்டத்து ஊருக்குத் தானே வந்து சேர்ந்தது. ஊரே மாலை போட்டு விருந்து வைத்தது. எல்லா நாய்க்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது, தேடுவதை நிறுத்தாதீர்கள்.

10. திரும்பி வந்ததும் உண்ணி, கடிக்காயம் பாருங்கள். கடி இருந்தால், ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பிடிக்கும்போது உங்களைக் கடித்திருந்தால், சொந்த நாய்தானே என்று விடாமல், குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.