ஆன்லைன் வகுப்புக்கு வீட்டிலேயே விளம்பரப் படம்: 18 குறிப்புகள்

மதுரை விளாங்குடியில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீடுகளில் ஆன்லைன் வகுப்பு நடக்கிறது. ஒரு வீட்டில் இந்தி, ஒரு வீட்டில் கேக், ஒரு வீட்டில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நான் ஆரி ஒர்க்கும் ப்ளவுஸ் கட்டிங்கும் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் நடத்துவதில் யாரும் குறை வைப்பதில்லை. புது வகுப்பு தொடங்குகிறது என்று ஊருக்குச் சொல்லும் அந்த ஒரு படத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். கையில் இருக்கும் செல்போனையும் வீட்டுச் சாமான்களையும் வைத்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. செயலியைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இந்த வகுப்பு முடியும்போது படித்தவர் தன் கையால் எதைச் செய்து முடித்திருப்பார்? 'ஆரி ஒர்க் பயிற்சி' என்பது வகுப்பின் பெயர். '15 நாளில் உங்கள் ப்ளவுஸ் கைக்கு நீங்களே ஆரி போடலாம்' என்பதுதான் சேதி. படத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டியது இரண்டாவதுதான். அந்த வரி கிடைக்கவில்லை என்றால் பாடத்திட்டத்தையே இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

2. நெட்டில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடாதீர்கள். என் முதல் போஸ்டரில் ஜர்தோசியும் கல்லும் இழைத்த ஒரு கல்யாண ப்ளவுஸ் படத்தை எங்கிருந்தோ எடுத்து வைத்தேன். சேர்ந்த ஒரு தங்கச்சி மூன்றாம் நாள், "அக்கா, போஸ்டர்ல இருந்ததை எத்தனாவது நாள் போடுவோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படியும் தவறு. அதைவிட, நாம் சொல்லித் தராத ஒன்றைக் காட்டிப் பணம் வாங்குவது பெரிய தவறு. உங்கள் கை செய்த வேலை செயின் ஸ்டிட்சில் ஒரு மாங்காய் என்றால், அந்த மாங்காயையே போடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தலைமுறைகளாகத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடக்காரர்கள் அங்கேதான் உடை தைக்கக் கொடுத்துவந்தார்கள். தைத்துத் தொங்கவிட்ட உடையே அங்கே போர்டாக இருந்தது.

3. ஃபோட்டோவுக்குக் காலை 7 முதல் 9 மணி வரையான வெளிச்சம் போதும். மதுரை வெயில் 10 மணிக்கு மேல் நிழலைக் கறுப்பாக அடித்துவிடும், ஜரிகை வெள்ளையாகப் பூத்துப் போகும். அந்த நேரத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் ஜன்னலுக்கு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள், வெளிச்சம் வடிகட்டி வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் விழும் பக்கமும் தெளியும். டியூப்லைட்டைச் சேர்த்துப் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் வேறு வேறு நிறம், துணியின் உண்மை நிறம் கெட்டுவிடும்.

4. பின்னணிக்குக் கோரைப்பாய், அரக்குப் பட்டுத்துணி, வெள்ளை சார்ட் பேப்பர், வாழையிலையின் அடிப்பக்கம் எல்லாம் நன்றாக இருக்கும். கேக்குக்குச் சார்ட் பேப்பர், ஊறுகாய்க்குப் பாய். பூப்போட்ட பெட்ஷீட் மட்டும் வேண்டாம்.

5. எடுப்பதற்கு முன் கேமராக் கண்ணாடியைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். அடுப்படியில் புழங்கும் போனில் எண்ணெய்ப் படலம் கட்டாயம் இருக்கும். 'போன் சரியில்லை' என்று நினைக்கும் பாதிப் படங்களுக்குக் காரணம் அதுதான்.

6. முடிந்த வேலையைவிட, வேலை நடக்கும் கையைக் காட்டுங்கள். ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய துணி, மேலே ஆரி ஊசி பிடித்த கை, துணிக்கு அடியிலிருந்து நூல் கொடுக்கும் இன்னொரு கை. இதைப் பார்த்தால்தான் 'இது பார்சலில் வரும் சாமான் இல்லை, சொல்லித்தரும் வகுப்பு' என்று புரியும். முகம் காட்ட விருப்பமில்லாதவர்களுக்கும் இது வசதி.

7. எங்கே போடப்போகிறோமோ அந்த அளவில் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கும் 1080-க்கு 1920 பிக்சல், நெடுக்காக. அதில் மேலே சுமார் 250 பிக்சலும் கீழே சுமார் 340 பிக்சலும் எழுத்தில்லாமல் விடுங்கள். மேலே நம் பெயரும் கீழே பதில் எழுதும் கட்டமும் வந்து மறைத்துவிடும். குரூப்பில் அனுப்பச் சதுரம், 1080-க்கு 1080. யூடியூப் முகப்புப் படம் 1280-க்கு 720. அதன் வலது கீழ்மூலையில் வீடியோவின் நேரம் ஏறி உட்காரும், அங்கே எதையும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாகத் தெரியும், நாலு மூலையும் போய்விடும். கேன்வா போன்ற செயலிகளில் இந்த அளவுகள் தயாராகவே இருக்கின்றன.

8. தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைத் திணிக்கும்போதுதான் பெரும்பாலான போஸ்டர்கள் கெடுகின்றன. முதலில் வரிக்கு வரி இடைவெளி. 'கி'யின் வளைவு மேலே போகும், 'கூ'வின் சுழி கீழே வரும். நெருக்கி வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும். எழுத்து உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு விடுங்கள். அடுத்து, ரொம்பவும் தடித்த எழுத்து வேண்டாம். ஸ்டேட்டஸ் அளவில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும், 'ழ'வின் வளைவு அடைத்துக்கொள்ளும். எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடுவதும் அதே கெடுதலைச் செய்யும்.

பழைய பாமினி எழுத்தில் டைப் செய்து வைத்ததை ஒட்டினால் செயலியில் ஆங்கில எழுத்துகளாக உதிரும், யூனிகோடில் புதிதாக அடித்துவிடுங்கள். சில படச் செயலிகளில் 'கொ'வின் கொம்பு தள்ளிப் போய் நிற்கும். அப்படிச் செய்தால் அந்தச் செயலியை விட்டுவிடுவதே நல்லது. எழுத்துரு தேடுகிறவர்களுக்கு: கூகுள் ஃபான்ட்ஸில் நம் ஊர்ப் பெயரிலேயே 'ஹிந்த் மதுரை' இருக்கிறது. இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி செய்தது, இலவசம். சிறிய அளவிலும் தெளிவாகப் படிக்கலாம். கையெழுத்துப் போலச் சாய்வாக வேண்டுமென்றால் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்'. ஒரு படத்துக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

9. பிழை பாருங்கள். நம் போஸ்டர்களில் அதிகம் வரும் சொல்லே அதிகம் தப்பாக வருகிறது. 'பயிற்சி'தான் சரி, 'பயிற்ச்சி' இல்லை. 'ற்'றுக்குப் பிறகு இன்னொரு மெய்யெழுத்து வராது என்று நினைவு வைத்துக்கொண்டால் 'முயற்சி'யும் தப்பாது. 'அனுகவும்' இல்லை, 'அணுகவும்'. 'கட்டனம்' இல்லை, 'கட்டணம்'. கணக்கோ இந்தியோ சொல்லித்தருகிறவர் படத்தில் எழுத்துப் பிழை இருந்தால், பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா பேசாமல் போய்விடுவார்.

10. நிறம் மூன்றுக்குள் நிற்கட்டும். சுங்குடிச் சேலையைப் பாருங்கள்: அடர்ந்த ஒரு நிறம், அதன்மேல் வெள்ளைப் புள்ளி, கரையில் இன்னொரு நிறம். தூரத்திலிருந்தே சுங்குடி என்று தெரிகிறது. அதே கணக்கைப் போஸ்டருக்கும் வைத்துக்கொள்ளலாம். பச்சை மேல் சிவப்பு எழுத்து கூடவே கூடாது. சிவப்பு, பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அதைப் பிரித்துப் படிப்பது கஷ்டம். படம் முடிந்ததும் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எழுத்து தனியாக நின்றால் சரி.

11. திண்டுக்கல் சாலையில் ஓடும் பஸ்ஸிலிருந்து சுவர் விளம்பரத்தைப் படிப்போமே, அந்தச் சோதனையை இதற்கும் செய்யுங்கள். போனைக் கை நீட்டிப் பிடித்து, மூன்று எண்ணுவதற்குள் என்ன படிக்க முடிகிறது? ஒரு கையில் கரண்டியோடு ஸ்டேட்டஸ் தள்ளிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அவ்வளவுதான் நேரம். என்ன வகுப்பு, எப்போது தொடங்குகிறது, எவ்வளவு கட்டணம், இந்த மூன்றும் அதற்குள் கண்ணில் பட வேண்டும்.

12. மீதி எல்லாவற்றையும் படத்துக்குக் கீழே எழுத்தாக அனுப்புங்கள். ஜூமில் நேரலையா, பதிவு செய்த வீடியோவா, எந்த நாட்கள், எத்தனை மணி, என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று எல்லாம் அங்கே வரட்டும். போன் நம்பரை அங்கே கட்டாயம் எழுதுங்கள். படத்துக்குள் இருக்கும் நம்பரைத் தொட்டால் அழைப்புப் போகாது, எழுத்தில் இருக்கும் நம்பரைத் தொட்டால் போகும். நம்பர் என்றதும் இன்னொன்று. வீட்டு நம்பரைப் போஸ்டரில் போடாதீர்கள். தனி சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொண்டால், நம்பருக்குப் பதில் அதில் கிடைக்கும் ஷார்ட் லிங்கை மட்டும்கூடக் கொடுக்கலாம். எனக்கு ராத்திரி 11 மணிக்கு வந்த வேண்டாத அழைப்புகளை அந்த ஒரு வேலை நிறுத்தியது.

13. க்யூஆர் கோடு அச்சடித்த போஸ்டருக்கு மட்டும். போனிலேயே வரும் படத்தில் அதைப் போட்டால், அதே போனின் கேமராவை அதற்கு எப்படிக் காட்டுவது? 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் அதை உருவாக்கியது வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண. எதிரே இருக்கும் பொருளில் ஒட்டிப் படிப்பதற்கான குறி அது. மேட்சிங் சென்டரிலோ தையல் சாமான் கடையிலோ ஒட்டும் தாளில் போடுங்கள். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர்.

14. அச்சுக்குக் கொடுக்கும் ஏ4 படம் 2480-க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். போனில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும், ஒரு தாள் எடுத்துப் பார்த்தபின் மீதியைச் சொல்லுங்கள்.

15. கட்டணத்தைப் போடுங்கள். 'விவரங்களுக்கு இன்பாக்ஸ்' என்று எழுதுவது பெரிய நிறுவனத்தாரிடமிருந்து நமக்குத் தொற்றிய பழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக் கேட்காமலே போய்விடுவார். 10 பேருக்குத்தான் இடம் என்றால் 10 என்று எழுதுங்கள். இடம் இருக்கும்போதே 'கடைசி 2 இடங்கள்' என்று போடுவது பொய்.

16. 'வேலை உறுதி', '100 மார்க் உறுதி', 'மாதம் இவ்வளவு வருமானம்' எதுவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பயிற்சி மையங்களின் விளம்பரத்துக்கென்றே அந்த ஆணையம் 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெற்றிக்கு உறுதி கொடுக்கக் கூடாது, வென்ற மாணவரின் பெயரையும் படத்தையும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. நம் வகுப்பு எவ்வளவு சிறியதானாலும் இந்த இரண்டையும் பின்பற்றுவோம். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கி வைத்தால் போதும், சின்னப் பிள்ளை என்றால் பெற்றோரிடம் வாங்குங்கள். சான்றிதழ் தருவதாக இருந்தால் யார் தரும் சான்றிதழ் என்று தெளிவாகப் போடுங்கள். சிங்க முத்திரையோ தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரையோ எந்த மூலையிலும் வரக்கூடாது, அதைத் தடை செய்யும் சட்டமே இருக்கிறது.

17. ஏஐ வரைந்து தரும் படம் கைத்தொழில் வகுப்புக்கு உதவாது. பல நேரம் ஊசி பிடிக்கும் விரல் தப்பாக இருக்கும், நூல் எங்கோ தொடங்கி எங்கோ முடியும், தமிழ் எழுத்து உடைந்திருக்கும். தொழில் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

18. அனுப்பும் நாளும் முக்கியம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையில் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அழகர்தான், அன்று நம் படத்துக்கு வேலையில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, தையல்காரர்களுக்கும் கை ஓய்ந்திருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்குள் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் அப்போதுதான் சேர்வார்கள். அதனால் ஆரி வகுப்புப் படத்தை நான் ஆனிக் கடைசியில் போடுகிறேன். கணக்கு, இந்தி வகுப்புக்கு ஆண்டுத் தேர்வு முடியும் வாரம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், மறுநாள் வேறு படத்தோடு மறுபடி போடுங்கள். குரூப்பில் அனுப்பும்போது ஹெச்டி என்பதைத் தொட்டு அனுப்புங்கள், அச்சுக் கடைக்கு டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எல்லோருக்கும் அனுப்புவதற்கு முந்தின நாள், உங்களிடம் படித்து முடித்த ஒருவருக்கு மட்டும் அனுப்பி, "இதுல இருக்குறதெல்லாம் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேனா?" என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொல்லும் வரியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.