செயற்கை வால்வும் நால்வகை மருந்தும்

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95-ஆம் அதிகாரம். அதன் இறுதிக்கண் வள்ளுவனார் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். இவ்வகுப்பு இதய வால்வு மாற்றிக்கொண்டோர் வாழ்விற்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இதயத்தின் நான்கு வால்வுகளும் இரத்தத்தை ஒரே திசையிற் செலுத்துவன. இளமையில் தொண்டைப் புண்ணை அடுத்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் அவற்றைச் சிதைப்பதுண்டு. நம் நாட்டில் இளையோர் பலர் வால்வு மாற்றிக்கொள்ள நேர்வது இதனாலேயே. 1960-இல் அமெரிக்காவில் ஸ்டார் என்னும் மருத்துவரும் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் அமைத்த கூண்டுப்பந்து வால்வு வெற்றி கண்டது. பின்னர், டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் நம் நாட்டிலேயே ஒன்று ஆக்க முயன்றனர். முதல் மூன்று அமைப்புகள் தோற்றன. உலோகக் கூட்டினுள் பிளாஸ்டிக் தட்டுச் சாய்ந்தாடும் நான்காம் அமைப்பு, 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்றது.

நிமிடத்திற்கு 72 துடிப்பெனின், வால்வு ஓராண்டில் ஏறத்தாழ 3.78 கோடி முறை திறந்து மூடும். விலங்கின் திசுவாலாய வால்வு பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளில் தளரும். இளையோரிடத்து இன்னும் விரைந்து தளரும். இயந்திர வால்வோ பல்லாண்டு தேயாது உழைக்கும். ஆயினும், வால்வின் ஆயுள் வேறு. அதனை உடையார் ஆயுள் வேறு.

அயற்பொருளைத் தீண்டிய இரத்தம் உறையும் இயல்பினது. உறைகட்டி வால்வை அடைக்கலாம். மூளைக்குச் சென்று பக்கவாதமும் விளைக்கலாம். ஆதலின் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ணல் வேண்டும். மிகின் இரத்தப்போக்கு, குறையின் உறைவு. இவ்விரண்டிற்கும் நடுநிலை காட்டுவதே ஐ.என்.ஆர். என்னும் சோதனை. நலமுடையார்க்கு அது 1 அளவில் நிற்கும்; இவர்க்கோ, வால்வின் இடத்திற்கேற்ப, 2 முதல் 3.5 வரை நிற்றல் வேண்டும். சோதனை வேண்டாத புதுமருந்தாகிய டாபிகட்ரானை இவர்க்கு ஈந்து பார்த்த ஆய்வு, உறைவும் இரத்தப்போக்கும் மிகுந்தமையால் நிறுத்தப்பட்டு, 2013-இல் வெளியாயிற்று. எனவே பழைய மாத்திரையே இன்றும் துணை.

இனி, நாற்கூற்றுள் மருத்துவன் பணி பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடியும். ஏனைய மூன்றும் ஆயுள்வரை நீள்வன. வத்திராயிருப்புப் போன்ற மலையடிவார ஊரினின்று மதுரைக்கோ திருவனந்தபுரத்திற்கோ சென்று வால்வு பெற்று மீளும் ஓர் உழவரை எண்ணுவாம். அரிவாள் பட்ட சிறு காயமும் அவர்க்கு நெடிது கசியும். முருங்கைக்கீரையை ஒருவாரம் மிகுத்து, மறுவாரம் அறவே விடுத்தால் மருந்தின் அளவு பிறழும். கீரையை விலக்க வேண்டுவதில்லை, அளவு மாறாது உண்டலே வேண்டுவது. பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் வால்வுண்மையைச் சொல்லல் வேண்டும். மகளிராயின் கருவுறுமுன்னரே கலந்து கேட்டல் வேண்டும். வார்ஃபரின் கருவிற்கு ஊறு செய்யும். கூலிநாள் இழந்தும் சோதனைக்குச் செல்ல வேண்டுமாதலின், பேணுவோன் துணை இங்கே இன்றியமையாததாகின்றது.

நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு நில்லாது, சத்திரத்திற் சேர்த்துப் பின்வரும் செலவிற்கும் பொறுப்பேற்றான். நம்முள் எழுதப் படிக்க அறிந்தார் ஒவ்வொருவரும் தம் ஊரில் இத்தகையார் ஒருவரின் சோதனைநாளை நினைவூட்டி உடன்செல்வாராயின், வள்ளுவர் கூறிய நான்காம் கூறு குறைவின்றி நிரம்பும்.