"பரையா" என்னும் ஆங்கிலச் சொல்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் எவையென வினவின், கறி, கட்டுமரம், சுருட்டு என்பவற்றை மாணவர் தயங்காது கூறுவர், பெருமையோடும் கூறுவர். அவற்றைப் போலவே கடல் கடந்த மற்றொரு சொல்லைக் கூற முன்வருவோர் மிகச் சிலரே. "பரையா" என்பதே அச்சொல். சமூகத்தாற் புறத்தே தள்ளப்பட்டவன் என ஆங்கில அகராதிகள் இதற்குப் பொருள் தருகின்றன. ஏனைய நாடுகள் உறவு கொள்ள மறுக்கும் ஒரு நாட்டையும் இக்காலச் செய்தித்தாள்கள் இச்சொல்லாற் சுட்டுகின்றன. இச்சொல்லின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் இது நம்மவரைப் பற்றிய சொல்.

இதன் வேர் "பறை" என்பது. பறை தோலாற் போர்த்த முழக்குகருவி. "பறைதல்" என்பதற்குச் சொல்லுதல் என்பது பொருள். மலையாளத்தில் இவ்வினை இன்றும் பெருவழக்கு, "என்ன பறையிறியள்?" என்னும் யாழ்ப்பாணப் பேச்சிலும் அது வாழ்கின்றது. தொல்காப்பியம் ஐந்திணைக் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு நால்வகைக் குடிகளைச் சிறப்பித்துக் கூறுமிடத்துப் பறையனையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றது. அங்கே இழிவின் நிழல்தானும் இல்லை.

பிற்காலத்தில், அக்குடியினர் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட நிலையிலேதான், ஐரோப்பியர் இந்நாடுகளுக்கு வந்தனர். 1516ஆம் ஆண்டளவில் எழுதிய போர்த்துக்கேயரான துவார்த்தே பார்போசா இப்பெயரைக் குறித்துள்ளார். 1613இல் அது ஆங்கில நூலில் இடம்பெற்றது. அப்பொழுது அது ஒரு குடியின் பெயர் மாத்திரமே. 1819ஆம் ஆண்டளவிலோ, எந்நாட்டிலும் எக்குலத்திலும் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. தெருநாயைக் குறிக்கவும் ஆங்கிலேயர் இப்பெயரையே அடைமொழியாக்கினர்.

ஐரோப்பிய இலக்கியத்தில் இச்சொல் வேறொரு வாழ்வும் பெற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சென் பியர் 1791இல் வெளியிட்ட கதையொன்றில், கற்றோரிடத்துக் கிட்டாத மெய்யறிவை ஓர் அறிஞன் இக்குடியானொருவனின் குடிசையிற் காண்கிறான். ஜேர்மன் மகாகவி கேதே 1824இல் இப்பெயராற் கவிதைகள் வெளியிட்டார். 1838இல் புளோரா திரிஸ்தான் என்னும் பெண்மணி தம் பயணநூலின் தலைப்பில் தம்மையே இச்சொல்லாற் குறித்துக்கொண்டார். யூதரின் நிலையை விளக்க மாக்ஸ் வெபரும், 1944இல் ஹன்னா அரென்ட்டும் இதனைக் கையாண்டனர். இவ்வாறு நசுக்கப்பட்டோர்க்காகப் பரிந்து பேசுவோரின் சொல்லாகவும் அது ஆயிற்று. ஆயினும், அவர்தம் ஏடுகளில் நின்றது ஒரு குறியீடே. தமிழகத்து வயலில் உழைத்த மனிதன் அல்லன்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இப்பெயரைத் தாழ்த்தப்பட்டோர் அனைவர்க்கும் சூட்டுதல் ஐரோப்பியரின் பிழை என்றும், இக்குடியினர் தமக்கென மரபும் வழக்கமும் உடைய தொன்மையான ஒரு குலத்தினர் என்றும் சுட்டிக்காட்டினார். எனினும் பழி முழுவதையும் அந்நியர் மேற் சுமத்தி நாம் ஒதுங்குதல் நேர்மையன்று. பொருளைப் பொதுமையாக்கியவர் அவர். அப்பெயரை இகழ்ச்சித் தொனியோடு ஒலித்துக் காட்டியவர் நம் முன்னோர். ஆங்கில அகராதி கேட்டதையே எழுதிக்கொண்டது.

அப்பெயரைச் சுமந்தோர் வாளாவிருந்தாரல்லர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் "பறையன்" என்ற பெயராலேயே பத்திரிகை தொடங்கினார். இகழ்ந்துரைக்கப்பட்ட பெயரை மறைக்காது நிமிர்ந்து நின்று கூறுதல் அவர் வழி. எம். சி. ராஜா முதலியோர் பெயரையே மாற்றக் கோரினர்; 1922இல் சென்னை அரசாங்கம் ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. வழிகள் இரண்டாயினும் வேண்டியது ஒன்றே: தம்மை எவ்வாறு அழைப்பதென்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை.

இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவர்க்குச் சமூகக் குறைபாடு விளைவித்தலைக் குற்றமாக்கியது. சட்டம் கோயில் வாயிலையும் தேநீர்க்கடையையும் திறக்க வல்லது. நாவைத் திருத்துதல் கல்வியின் வேலை. ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவன், ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளுக்கு அம்மொழியில் வேறு சொற்கள் பல இருப்பதை அறிவானாக. மட்டக்களப்பிற் பறைமேளக் கூத்து ஆடப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சாவீட்டிற் பறை முழங்கியிருக்கின்றது. அம்முழக்கைக் கேட்கும்போது, பறைதல் என்றால் சொல்லுதல் என்பதை நாம் நினைத்தல் வேண்டும். ஊர்க்குச் செய்தி சொன்னவனையே ஊர்க்குப் புறத்தே நிறுத்தினோம்; ஆங்கிலமொழி அதற்குச் சாட்சியாய் நிற்கின்றது.