சோலார் வாட்ச் நின்றால் என்ன செய்வது?

சோலார் வாட்சில் நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாண்டினால் அது பழுதல்ல. உள்ளே சார்ஜ் குறைந்துவிட்டது, வெளிச்சம் காட்டு என்று வாட்ச் கேட்கிறது. சிட்டிசன், சீக்கோ, கேசியோ என்று எந்தக் கம்பெனியின் முள் வாட்சை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலான மாடல்களில் இந்த ஏற்பாடு உண்டு. இது தெரியாததால்தான் நல்ல வாட்சுகள் பல ரிப்பேர் மேசைக்குப் போகின்றன, அங்கே சில உண்மையாகவே கெட்டும் போகின்றன.

என் வாட்ச் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. பல வருடம் செல் மாற்றும் பேச்சே இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் நொடி முள் இரண்டு நொடி தாண்டி, சற்று நின்று, மறுபடி இரண்டு நொடி தாண்ட ஆரம்பித்தது. சில நாளில் அடியோடு நின்றது. மதுரையில் பழக்கமான ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த இளைஞர் வாட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செல்லு போயிருச்சு சார், மாத்தினா ஓடும்" என்றார்.

"இது சோலார் தம்பி. சாதா செல் போடக் கூடாதே?"

"அளவு ஒண்ணுதான் சார். ஓடும்."

ஓடும் என்பது உண்மைதான். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சாதாரண சில்வர் ஆக்சைடு பட்டன் செல் 1.55 வோல்ட். பல சோலார் வாட்சுகளில் இருக்கும் எம்டி621 போன்ற ரீசார்ஜ் செல் 1.5 வோல்ட். கண்ணுக்கும் மீட்டருக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டயலுக்கு அடியில் இருக்கும் சோலார் தகடு வெளிச்சம் படும்போதெல்லாம் செல்லுக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் செல் அதை வாங்கிச் சேமித்துக்கொள்ளும். சாதா செல்லுக்கு அந்தச் சக்தி கிடையாது. நாளடைவில் அது உப்பும், கசியும், கசிந்த திரவம் சர்க்யூட்டை அரித்துவிடும். கேசியோ வாட்சுகளில் இதே ஆபத்து வேறு உருவத்தில் வரும். அவற்றில் பலவற்றில் இருப்பது சிடிஎல்1616, 2.3 வோல்ட் ரீசார்ஜ் செல். கடையில் எளிதாகக் கிடைப்பது சிஆர்1616, 3 வோல்ட் சாதா லித்தியம் செல். அளவு ஒன்று, பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. எழுத்து மாறினால் குணமே மாறிவிடும். அதனால் அந்தக் கடையில் செல் மாற்றாமல் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் வைத்தியம் வெளிச்சம்தான். இதில் பலர் போதுமான அளவு கொடுப்பதில்லை. ஆபீஸ் அறையில் டியூப்லைட்டுக்குக் கீழே கிடைப்பது சுமார் 500 லக்ஸ். நடுப்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். இருநூறு மடங்கு வித்தியாசம். முழுக்கைச் சட்டை போட்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, கார் கண்ணாடி ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறவரின் வாட்ச் பகலிலும் ஏறக்குறைய இருட்டில்தான் இருக்கிறது. முழுக்கக் காலியான செல் அறை வெளிச்சத்தில் நிரம்ப நூறு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் மேசை விளக்கடியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு "தேறாது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. சில நாள் தொடர்ந்து வெயில் காட்ட வேண்டும்.

ஆனால் நம் ஊர் வெயிலில் வெளிச்சத்தோடு சூடும் வரும். அறுபது டிகிரியைத் தொட்டால் செல்லுக்கும் ஆகாது, பின்மூடியின் ரப்பர் வாஷருக்கும் ஆகாது. கார் டாஷ்போர்டு, மொட்டைமாடித் தகரம் இரண்டும் வேண்டாம். நான் செய்வது இது: எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதைச் சுற்றி வாட்சைக் கட்டி, டயல் வெயிலைப் பார்க்கும்படி காலை வெயிலில் வைப்பேன். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும், பின்மூடி குளிர்ந்தே இருக்கும். உலோகப் பட்டைக்கு இது சரி. தோல் பட்டையாக இருந்தால் கழற்றிவிட்டு, வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னல் திண்டில் வைத்தால் போதும்.

வெளிச்சம் பட்டு ஓட ஆரம்பித்த பிறகும் சில விஷயங்கள் பயமுறுத்தும். முழுக்க நின்று மறுபடி உயிர் பெற்ற வாட்சில் நொடி முள் ஒழுங்கில்லாமல் துள்ளுவதுண்டு. நேரம் தவறாக இருக்கிறது, திருத்து என்பதற்கான அடையாளம் அது. கீயை இழுத்து நேரம் வைத்து உள்ளே தள்ளினால் சரியாகிவிடும். கேசியோ போன்றவற்றில் பல மாடல்கள் இருட்டில் நெடுநேரம் இருந்தால் தாமாகவே திரையை அணைத்து, முள்ளை நிறுத்தித் தூங்கும். பீரோவிலிருந்து எடுத்தவுடன் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் எழுந்துவிடும். கீ அரைகுறையாக வெளியே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சட்டைக் கை மாட்டி இழுத்திருந்தால் அதுவே நிற்கக் காரணமாக இருக்கும்.

என் வாட்ச் வெயிலில் ஓடியது. ஒரு நொடிக்கு ஒரு தாவல், எந்தக் குறையும் இல்லை. செல் சார்ஜைப் பிடித்து வைக்கிறதா என்று பார்க்க அதை இருட்டில் வைத்தேன். இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். நன்றாக வெயில் காட்டிய வாட்சை அலமாரியில் மூடி வைத்தால், நல்ல செல் மாதக்கணக்கில் தாங்கும். என்னுடையது மறுநாள் காலையிலேயே இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் சோலார் தகடும் சர்க்யூட்டும் முள் சுற்றும் மிஷினும் நன்றாக இருக்கின்றன, வாங்கியதை வைத்துக்கொள்ளச் செல்லுக்கு மட்டும் வலு இல்லை. வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அசையவே இல்லை என்றால் கதை வேறு. தகடோ முள்ளை ஓட்டும் காயிலோ சர்க்யூட்டோ போயிருக்கலாம், அல்லது செல்லே முழுக்க இறந்திருக்கலாம். எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்றால் முள்கள் ஒன்றையொன்று உரசுகின்றன, இல்லாவிட்டால் பல்சக்கரத்தில் தூசி சிக்கியிருக்கிறது. இந்த மூன்றையும் வாட்சைத் திறக்காமலேயே பிரித்துவிடலாம். ரிப்பேர்காரரிடம் போகும்போது "ஓடல" என்று சொல்வதற்கும் "வெயிலில் ஓடுது, இருட்டில் நிக்குது" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், பணத்திலும் தெரியும்.

அடுத்து நான் போனது ஒரு வயதான பாயிடம். நாற்பது வருடமாக இதே தொழில். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, செல்லை எடுத்து மீட்டர் வைத்தார். செல் இல்லாமலே டயல் மேல் விளக்கைக் காட்டி, முனைகளில் வோல்ட் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறியது. காயிலையும் பார்த்தார்.

"பாய், செல் மட்டும்தானா?"

"செல்லு மட்டும்தான் தம்பி. காயில் காட்டுது, தகடும் காட்டுது. ஆனா கையில இருக்கறத போட மாட்டேன். இதுக்குன்னு பட்டை வச்ச செல்லு வரும், வரவழைச்சுத் தரேன்."

பட்டை என்று அவர் சொன்னது செல்லின் மேல் பற்றவைத்த சின்னத் தகட்டுத் துண்டு. பல சோலார் மாடல்களில் செல் அந்தத் துண்டோடு சேர்ந்தேதான் வரும். சாதா செல்லைத் தவறிப்போய்க்கூட யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்கான முன்னெச்சரிக்கையாகவே நான் அதைப் பார்க்கிறேன். அதைப் பிய்த்து வேறு செல்லில் ஒட்டவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுச் செல் போட்ட பிறகும் பாய் இரண்டு வேலை செய்தார். இரண்டையும் பல கடைகளில் விட்டுவிடுகிறார்கள். ஒன்று ரீசெட். செல் மாற்றியதும் சர்க்யூட்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சில மிஷினில் ஏசி என்று குறித்த புள்ளியையும் செல்லின் நேர்முனையையும் இடுக்கியால் சில நொடி இணைப்பார்கள், சிலவற்றில் கீயையும் பட்டனையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்துவார்கள். செய்யாவிட்டால் புதுச் செல்லோடும் வாட்ச் செத்த மாதிரியே கிடக்கும், "மிஷின் போச்சு" என்ற தீர்ப்பும் வந்துவிடும். மற்றொன்று வாஷர். பழைய ரப்பரை எடுத்துவிட்டுப் புதிது வைத்து சிலிக்கோன் கிரீஸ் தடவினார். அழுத்தச் சோதனை செய்யும் கருவி அவரிடம் இல்லை, அதையும் நேராகவே சொன்னார். அதனால் பின்மூடியில் 10 பார் என்று எழுதியிருந்தாலும் அந்த வாட்சோடு நான் தண்ணீரில் இறங்குவதில்லை.

இந்தச் செல்களுக்கும் ஆயுள் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சிட்டிசன் 1976-ல் வெளியிட்ட முள் வைத்த சோலார் வாட்சில் சோலார் தகடுகள் டயலிலேயே வெளியே தெரிந்தன. பிறகுதான் ஒளி ஊடுருவும் டயலுக்கு அடியில் தகட்டை ஒளித்து, பார்ப்பதற்குச் சாதா வாட்ச் போலவே ஆக்கினார்கள். பழைய மாடல்கள் பலவற்றில் மின்சாரத்தைச் சேமித்தது கெப்பாசிட்டர், அது சில வருடத்தில் வலுவிழந்தது. பிறகு வந்த லித்தியம் வகைச் செல்கள் பல வருடம் தாங்குகின்றன. ஆனாலும் "வாழ்நாள் முழுக்கச் செல் மாற்ற வேண்டாம்" என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லா வாட்சையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் தம்பியின் டிஜிட்டல் சோலார் வாட்சில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்திருந்தது. திறந்து பார்த்தால் சர்க்யூட்டில் பச்சைக் களிம்பு. செல் மாற்றினால் அது ஒரு மாதம் ஓடலாம், பிறகு வேறு இடத்தில் விட்டுப்போகும். சர்க்யூட்டோ சோலார் தகடோ தனியாக எல்லா மாடலுக்கும் கடையில் கிடைப்பதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மிஷினை முழுதாக மாற்றச் சொன்ன தொகை, அதே வாட்சைப் புதிதாக வாங்கும் விலையை நெருங்கியது. "விட்டுடுடா" என்றேன், மனமில்லாமல்தான். செல்லை மட்டும் எடுத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தோம்.

செல் மட்டும் போயிருக்கிறது, ஈரம் உள்ளே போகவில்லை, பெட்டியும் கண்ணாடியும் நன்றாக இருக்கின்றன என்றால் நான் தயங்காமல் செலவழிப்பேன், விலை குறைந்த வாட்சாக இருந்தாலும். ஒரு செல்லுக்காக நல்ல மிஷினைக் குப்பையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. சர்க்யூட் போயிருந்தால் ரிப்பேர் தொகை புது விலையில் பாதியைத் தாண்டும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன். அப்பா கட்டிய வாட்ச், கல்யாணத்துக்கு வந்த வாட்ச் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்தக் கடையானாலும் பின்மூடியை மூடும் முன் புதுச் செல்லின் எண்ணைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கழற்றிய செல்லையும் கேட்டு வாங்குங்கள். கட்டாமல் வைத்திருக்கும் சோலார் வாட்ச் வீட்டில் இருந்தால் பீரோவில் பூட்டாமல் வெளிச்சம் படும் அலமாரியில் வையுங்கள். முழுக்கக் காலியாகி மாதக்கணக்கில் கிடந்த செல் பழைய வலுவுக்குத் திரும்பாமல் போகலாம்.